கூட்டுக்கு மேலிருந்த இலைகள்

இப்போதெல்லாம் குளத்துக்கு நான் தனியாகத்தான் போகிறேன். டிரைபாடோடு யாராவது எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுக் கடந்துவிடுவேன். "இன்னிக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல லா" என்பேன். சில நாள் அது பொய்யாகவும் இருக்கும். ஏழு வருடம் பார்த்ததையெல்லாம் ஒரே ஒருவரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பழக்கம் எப்படி விட்டுப்போனது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கும் தையற்கடையில் ரவிக்கை தைக்கிறேன். ஞாயிறு தவிர ஆறு நாளும் பதினொரு மணி முதல் இரவு எட்டு வரை குனிந்த தலை நிமிர்வதில்லை. பறவைகளைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள அது ஜோகூர் போய்ச் சேர்ந்திருக்கும்," என்றார். கேமரா மகளுடையது. பாலிடெக்னிக்கில் ஏதோ பாடத்துக்காக வாங்கினாள், பாடம் முடிந்ததும் அலமாரியில் தூங்கப் போட்டுவிட்டாள். வீட்டில் சும்மா கிடக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு குளம். அதிலிருந்து கால்வாய் ஒன்று புறப்பட்டு வடக்கே போகிறது. கரையோரமாகத் தண்ணீருக்கு மேல் பலகை நடைபாதை. காலை ஆறே முக்காலுக்குப் போனால் ஒன்பதரைக்கு வீடு திரும்பிக் குளித்து, எல்ஆர்டி, எம்ஆர்டி என்று ரயில் மாறிக் கடைக்கு நேரத்துக்குப் போய்விடலாம். அப்படித்தான் ஆரம்பித்தது.

சிங்கப்பூரில் பருவமே கிடையாது, வெயில், மழை, ஏர்கான் மூன்றுதான் என்று ஊரிலிருந்து வந்த பெண்கள் கடையில் அளவு கொடுக்கும்போது சொல்வார்கள். நானும் இங்கேயே பிறந்து வளர்ந்து நாற்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். குளத்தங்கரைக்குப் போன பிறகு அந்த எண்ணம் மாறியது. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, வெறும் கம்பியாக நின்ற கம்பியில் சின்ன மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருக்கும். கட்டை விரல் நீளத்துக்கு அலகு, முதுகில் மின்னும் நீலம். எங்கோ வடக்கே குளிர் தாங்காமல் வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் நான் கடையில் சிக்கித் தவிக்கும் நாட்களில் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வந்து இறங்கும். டிசம்பர் மழையில் குளம் பழுப்பாகிவிடும். செந்நாரை ஒன்று நாணலுக்குள் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும், அதைப் பார்த்துக்கொண்டு குடைக்குள் நானும் நிற்பேன். மார்ச் வந்தால் வந்தவை எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அதன் பிறகு இங்கேயே இருக்கும் பறவைகளின் முறை. கூடு கட்டும், சண்டை போடும், குஞ்சுக்கு ஊட்டும். ஜூன், ஜூலை வெயிலில் குஞ்சுகள் பெரிதாகிப் பெற்றவர்களை விரட்டி விரட்டிப் பிச்சை கேட்கும். கம்புள் கோழியின் கறுப்புப் பஞ்சுக் குஞ்சுகள் வரிசையாகத் தண்ணீரைக் கடக்கும்போது நீர்நாய்க் குடும்பம் பக்கத்தில் வந்தால் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் அக்கா என்று கூப்பிட்டவரை இந்தப் பலகைப் பாதையில்தான் முதலில் பார்த்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வங்கியில் வேலை பார்த்துச் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர், எங்களுக்கு மூன்று புளோக் தள்ளி வீடு. அத்தனை நடந்த பிறகும் மனசுக்குள் அக்கா என்றுதான் வருகிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது, மாற்ற முடியவில்லை. அன்றைக்கு அவர் கையில் இருந்தது, என் இரண்டு மாதச் சம்பளம் போட்டாலும் வாங்க முடியாத லென்ஸ். நான் மகளின் பாலிடெக்னிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு கொக்கை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்து முகம் சுளித்தவர், கூச்சமே இல்லாமல் என்னிடம் நீட்டினார். "எப்படி இருக்கு, பாரு?"

"கண்ணு மங்கலா இருக்குக்கா," என்றேன். உண்மையாகவே மங்கலாக இருந்தது. ஊசி கோர்த்துப் பழகிய கண்ணுக்கு அது பட்டென்று தெரியும்.

ஒரு நிமிடம் என்னை முறைத்துவிட்டு, "யாருடி நீ?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் எடுத்த எந்தப் படமும் நான் பார்க்காமல் வெளியே போனதில்லை. இரவல் லென்ஸ் தருவார், நான் வாங்க மாட்டேன். காலையில் பையில் கட்டிய கோப்பி இரண்டு வாங்கி வருவார், நான் இட்லியோ கூவே பலகாரமோ கொண்டுபோவேன். விதவையானதைப் பற்றி அவர் பேசியது என்னிடம் மட்டும்தான். என் மகள் ஒருவனைக் கூட்டி வந்து நிறுத்தியபோது வீட்டில் அழ முடியாமல் நான் அழுததும் அந்தப் பலகை மேல்தான், அவர் தோளில். கூடப் பிறந்த அக்கா எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு நெருங்கியிருப்பாளா தெரியாது.

பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நாங்கள் இருவரும் இருந்தோம். அதில் கண்டிப்பான ஒரு விதி உண்டு. குஞ்சுகள் பறந்து போகும் வரை கூட்டின் படத்தைப் போடக் கூடாது, இடத்தையும் சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாளே இருபது பேர் வந்து நிற்பார்கள், பயந்த தாய் கூட்டை விட்டு ஓடிவிடும். இன்னும் மோசமான ஒன்றும் நடப்பதுண்டு. படம் தெளிவாக வர வேண்டும் என்று கூட்டை மறைக்கும் இலைகளைச் சிலர் வெட்டிவிடுவார்கள். குழுவில் அதற்கு 'முடி வெட்டுவது' என்று பெயர். யாராவது கூட்டுப் படத்தை ரொம்பப் பளிச்சென்று போட்டால், "முடி வெட்டியாச்சா?" என்று கிண்டலாகக் கேட்பார்கள். கேட்பதில் முதல் ஆள் அக்காதான். ஒரு முறை அப்படி ஒருவரைக் கிழி கிழியென்று கிழித்ததில், அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

அந்த மார்ச்சில் விசிறிவால் குருவியின் கூட்டை நான்தான் கண்டுபிடித்தேன். சின்னப் பறவை, வெள்ளை மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, நிமிடத்துக்கு நூறு முறை வாலை விரித்து மடக்கும். ஒரு இடத்தில் நிற்காத பறவை அன்று திரும்பத் திரும்ப ஒரே கிளைக்குப் போனது. பூவரசு மாதிரி அகன்ற இலை உள்ள மரம், நடைபாதைக் கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மேல் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பாதித் தேங்காய் ஓட்டைவிடச் சின்னதாக ஒரு கிண்ணம், நார்களை வைத்துச் சிலந்தி நூலால் இறுக்கிச் சுற்றியது. இழுத்துக் கட்டிய விதத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. உள்ளே இரண்டு முட்டை. மேலே ஏழெட்டு இலைகள் அடுக்கடுக்காகக் கவிந்திருந்தன.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம். பாதை வளையும் இடத்தில், பத்தடி தள்ளி நின்று தினமும் பார்த்தோம். இலைகளுக்கு நடுவே வால் தெரியும், சில சமயம் அலகு தெரியும், படம் என்று சொல்ல ஒன்றும் தேறாது. "இந்த ஒரு இலை மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தா..." என்று நான் புலம்பியது உண்டு. மறைக்கவில்லை. தினமும் புலம்பினேன். குஞ்சு பொரித்த பிறகு இன்னும் அதிகமாகப் புலம்பினேன்.

சித்திரைப் புத்தாண்டும் கல்யாணங்களும் சேர்ந்து வரும் நேரம் அது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் முதலாளியம்மா எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டார். குளத்துப் பக்கமே போக முடியவில்லை. சனிக்கிழமை காலை ஓடினேன். அக்கா ஏற்கனவே வளைவில் நின்றிருந்தார். நான் கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். கூடு முழுசாகத் தெரிந்தது. இரண்டு குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"எப்படிக்கா?"

"நேத்து ராத்திரி செம்ம மழையும் காத்துமா இருந்துச்சுல்ல. இலையெல்லாம் விழுந்திருக்கும் லா. பேசாம எடு."

எடுத்தேன். காலைச் சூரியன் நேராகக் கூட்டில் விழுந்தது. எட்டரை மணி வாக்கில் தாய்ப்பறவை வந்து கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகையும் வாலையும் விரித்துக் குஞ்சுகளின் மேல் அப்படியே பிடித்துக்கொண்டது. அசையவே இல்லை. நிமிடத்துக்கு நூறு முறை ஆடும் பறவை பத்து நிமிடம் அசையாமல் நின்றது. சிறகின் வழியாக வெளிச்சம் ஊடுருவி ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை, இனி எடுக்கப்போவதும் இல்லை. அக்கா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அன்று கடையில் மூன்று ரவிக்கைக்குக் கழுத்தை மாற்றி வெட்டிவிட்டேன், திட்டு வாங்கினேன், அதுகூட உறைக்கவில்லை.

காற்றில் ஒரு கிளையின் ஏழு இலை மட்டும் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆற அமரப் போகலாம் என்று அக்காவுக்குப் பிடித்த கூவே வாங்கிக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். வளைவில் எட்டு டிரைபாட் நின்றன. எட்டுப் பேரில் ஐந்து பேர் குழுவில் இருப்பவர்கள். நடுவில் அக்கா நின்று, "இங்க வாங்க, இங்கேருந்து கிளியரா தெரியும்," என்று ஒருவருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

கூட்டில் ஒரு குஞ்சின் தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. முந்தின நாள் மத்தியான வெயிலிலேயே உயிர் போயிருக்க வேண்டும். இன்னொன்று தலையைத் தூக்கப் பார்த்தது. தாய் வரும், இத்தனை பேரைப் பார்த்துத் திரும்பிப் போகும். நான் போய் அரை மணி நேரத்துக்குள் காகம் ஒன்று வந்து, யாரும் கை தட்டி விரட்டுவதற்குள், உயிரோடு இருந்ததைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அதையும் மூன்று பேர் படம் எடுத்தார்கள். ஷட்டர் சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் கம்பியில் சாய்ந்து கிளையைப் பார்த்தேன். காற்றில் பிய்ந்தது எப்படி இருக்கும், கத்தரி போட்டது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். முப்பது வருடமாகத் தினமும் பார்க்கிறது அதைத்தான். ஏழு காம்பும் ஒரே சாய்வில் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன.

சனிக்கிழமை நான் படம் எடுத்தது பாசத்தை அல்ல என்று அங்கேதான் புரிந்தது. குடையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு வெயிலில் நின்று பிள்ளைகளுக்கு நிழல் பிடித்த ஒரு தாயை எடுத்திருக்கிறேன். 'என்ன அழகு' என்று வேறு சொன்னேன்.

"நீங்களாக்கா வெட்டினீங்க?"

அக்கா இல்லை என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்காகத்தாண்டி வெட்டினேன். தினமும் வந்து வெறுங்கையோட போற. உன் லென்ஸுக்கு அது எட்டாது. ஒரு நல்ல படமாச்சும் உனக்குக் கிடைக்கட்டும்னுதான் பண்ணேன். இப்படி ஆகும்னு நான் கண்டேனா? அவங்க எல்லாம் எப்படி வந்தாங்கன்னு தெரியல. ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

நான் அழுதேன். அவர் மேல் கோபப்படப் போன எனக்கு, கோபப்பட இடமே இல்லாமல் போய்விட்டது. புலம்பியது நான். இலை தள்ளி இருந்தால் என்று வாய்விட்டுக் கேட்டது நான். "என்னாலதானேக்கா?" என்று கேட்டேன்.

"விடுடி. நீ என்ன வேணும்னா பண்ணே?" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்று இரவே சனிக்கிழமைப் படங்கள் அத்தனையையும் அழித்தேன். நானூறுக்கு மேல் இருந்தன. சிறகு விரித்த அந்த ஒன்றைக் கடைசியாக அழித்தேன், அழித்ததை மறுபடி மீட்க முடியாதபடி மகளைக் கூப்பிட்டுச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னேன். "பைத்தியமாம்மா உனக்கு?" என்றாள். கேமராவைப் பழைய அலமாரியிலேயே வைத்தேன். இரண்டு மாதம் குளத்துப் பக்கம் போகவில்லை. கடையில் கத்தரியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் காம்புகள் கண்ணில் நின்றன. அக்கா இடையில் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். "இன்னுமா அதையே நெனச்சிட்டு இருக்க? மனசுலேருந்து எடுத்துடு," என்று ஆறுதல் சொன்னார். எனக்காகத் தப்புச் செய்துவிட்டு எனக்கே ஆறுதலும் சொல்கிறாரே என்று அவர் மேல் இன்னும் பாசம்தான் கூடியது. அவருக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிவது அந்த ரவிக்கைக்காகத்தான்.

ஜூன் விடுமுறையில் சமூக மன்றம் ஒன்றில் வட்டாரப் பறவைகள் என்று ஒரு சின்னக் கண்காட்சி. அக்காவின் படங்கள் மூன்று வைக்கப்படுவதாகக் குழுவில் செய்தி வந்தது. என்னிடம் அவர் சொல்லவில்லை. என் மனசு புண்படும் என்று சொல்லாமல் இருக்கிறார் என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். சந்தோஷப்படுத்தலாம் என்று சொல்லாமலே போனேன்.

முதல் படம் மீன்கொத்தி. இரண்டாவது செந்நாரை, அது மழையில் நானும் கூட நின்றபோது எடுத்தது. மூன்றாவது விசிறிவால். ஆள் உயரத்துக்குப் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். தாயின் அலகில் பூச்சி, இரண்டு குஞ்சும் ஆரஞ்சு வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி, நல்ல தெம்போடு. எதிரில் ஒரு இலைகூட இல்லை. சுற்றி நின்றவர்கள், "எவ்வளவு பொறுமை வேணும் இதுக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

படத்துக்குக் கீழே எல்லா விவரத்தையும் எழுதிப் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். என்ன கேமரா, என்ன லென்ஸ், ஷட்டர் வேகம் எவ்வளவு, தேதி, நேரம். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பறவையைவிட அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எங்களில் யாருக்கும் மனசு வராது. அக்காவும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். நானும் பழக்கதோஷத்தில் படித்தேன்.

தேதி, அந்த வாரத்து வியாழக்கிழமை. காலை ஏழு ஐம்பது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மறுபடி படித்தேன். வியாழக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு நான் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளி வரை வர முடியாது என்று செவ்வாய்க்கிழமையே அவரிடம் சொல்லியிருந்தேன். என் லென்ஸுக்கு எட்டாது என்று எனக்காக வெட்டவில்லை. நான் வராத நாளாகப் பார்த்து வெட்டியிருக்கிறார், எடுத்திருக்கிறார். நான் சனிக்கிழமை வந்து நின்றது அவருக்கு ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான். வெட்டியதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன். மனுஷ ஆசை, கை நீண்டுவிட்டது என்று விட்டிருப்பேன். அந்த இரண்டு உயிரையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் நான் அதைச் சுமப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, என் முதுகையும் தடவிக் கொடுத்தாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

"ஏய், நீ எப்ப வந்த?" அக்கா பின்னாலிருந்து வந்தார். நான் தைத்த ரவிக்கையைப் போட்டிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை.

"வியாழக்கிழமையா எடுத்தீங்க?" என்று விவரச் சீட்டைக் காட்டிக் கேட்டேன். "நான் அன்னிக்கு வரவே இல்லையேக்கா."

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சற்று மாறியது, புரிந்துவிட்டது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். திட்டியிருந்தால் திட்டியிருப்பேன். அவர் கோப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தோளைக் குலுக்கினார்.

"அது முடிஞ்சு போன கதை லா. இப்ப எதுக்கு? படம் எப்படி வந்திருக்கு, அத சொல்லு."

ஏழு வருடமாக என்னிடம் அவர் கேட்ட கேள்வி. நான் படத்தின் பக்கம் திரும்பினேன். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தாயின் கறுப்புக் கண்ணில் வானத்தின் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது, கண்ணைச் சுற்றிய மெல்லிய இறகைக்கூட எண்ணலாம்.

"கண்ணு மங்கலா இருக்குக்கா," என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அக்காவின் முகத்தில் அதுவரை வராத பதற்றம் அப்போது வந்தது. கோப்பையைத் தரையில் வைத்தார், கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் அந்தக் கண்ணையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நான் கிளம்பினேன். வாசலில் செருப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தபோதும் அவர் நிமிரவில்லை.